18446744073709551615: சதுரங்கப் பலகையின் எண் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தையதைப் போல் இருமடங்கு வைத்துக்கொண்டே போனால், 64 கட்டங்களும் நிறைந்தபின் பலகையில் இருக்க வேண்டிய அரிசிகளின் மொத்த எண்ணிக்கைதான் தலைப்பில் உள்ள இருபது இலக்க எண். இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பருமனைக் கண்டு மலைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அந்த எண் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்படி உடைகிறது என்பதே பெருவியப்பாக இருக்கிறது. அதனால் இங்குள்ள விடைகளில் காரணிகளைப் பற்றிய பேச்சு சற்று நீளமாகவே இருக்கும்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கோடிக்கு மேல் நாம் அன்றாடம் புழங்கும் பெயர் இல்லாததால், கோடி கோடி என்று அடுக்கித்தான் சொல்ல வேண்டும். ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஆம்பல், தாமரை, வெள்ளம் போன்ற பேரெண் பெயர்கள் பழந்தமிழில் உண்டு. ஆனால் அவை குறிக்கும் அளவு நூலுக்கு நூல் வேறுபடுவதால் இங்கே அவற்றைப் பயன்படுத்தவில்லை.

மொத்தம் 2⁶⁴ ஆகாமல் ஏன் அதில் ஒன்று குறைகிறது?

பலகைக்கு வெளியே ஓர் அரிசியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் கட்டத்தில் உள்ள ஓர் அரிசியோடு சேர்த்தால் இரண்டு ஆகும். இரண்டாம் கட்டத்திலும் இரண்டுதான் இருக்கிறது, சேர்த்தால் நான்கு. மூன்றாம் கட்டத்திலும் நான்கு, சேர்த்தால் எட்டு. இப்படியே 64 கட்டங்களையும் கடந்தால் கையில் இருப்பது சரியாக 2⁶⁴, அதாவது 18446744073709551616. கடன் வாங்கிய அந்த ஒற்றை அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம் எண் வந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதில் உள்ள அரிசி அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்திலும் உள்ளதைவிடச் சரியாக ஒன்று கூடுதல். 63 கட்டங்களின் மொத்தம் 9223372036854775807 என்றால், 64-ஆவது கட்டத்தில் மட்டும் 9223372036854775808 இருக்கும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த இந்திய அறிஞர் ஒருவர் தம் அரசனிடம் இந்தப் பரிசைக் கேட்டார் என்ற கதையை 13-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் கணக்கு அதைவிடப் பழையது. கி.பி. 1000 வாக்கிலேயே அல்-பிரூனி இந்தக் கூட்டுத்தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதை விளக்கியிருக்கிறார். கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலின் பால் பாயசத்துக்கும் இதே கதை சொல்லப்படுகிறது. முனிவர் உருவில் வந்து சதுரங்கத்தில் வென்ற கண்ணன் கேட்ட அரிசியை மன்னனால் கொடுத்து முடிக்க இயலவில்லை என்றும், அந்தக் கடனுக்கு ஈடாகவே அங்கே நாள்தோறும் பாயசம் வழங்கப்படுகிறது என்றும் அக்கதை கூறும்.

அவ்வளவு அரிசியின் எடை என்ன?

ஒரு மணி 20 மில்லிகிராம் என்று கொள்வோம்; சீரகச் சம்பா போன்ற பொடி அரிசி இதைவிட இலேசாக இருக்கும். அப்படியானால் ஒரு கிலோவில் 50,000 மணிகள். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களில் மொத்தம் 255 மணிகள்; எடை ஏறத்தாழ 5 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டாம் வரிசை முடியும்போது 65,535 மணிகள், அதாவது 1.3 கிலோ. ஒரு சிறிய குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் சோற்றுக்கு ஆகும். மூன்றாம் வரிசையின் முடிவில் 335 கிலோ. நான்காம் வரிசையோடு பாதிப் பலகை நிறையும்போது 86 டன், அதாவது 25 கிலோ மூட்டைகளாக 3,400-க்கும் மேல். இதுவரை ஒரு பெரிய அரிசி ஆலையால் சமாளித்துவிட முடியும். முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 36,900 கோடி டன் வேண்டும். உலகம் முழுவதும் இப்போது ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும் என்பதால், 700 ஆண்டு விளைச்சலை ஒரு மணி கூட உண்ணாமல் சேர்த்தாக வேண்டும்.

2⁶⁴-ஐக் கையால் கணக்கிட 63 முறை பெருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 2-ஐத் தன்னாலேயே பெருக்கினால் 4, 4-ஐத் தன்னாலேயே பெருக்கினால் 16, பிறகு 256, பிறகு 65536, பிறகு 4294967296, ஆறாவது முறை 18446744073709551616. ஆறே பெருக்கல்கள் போதும். வர்க்கப்படுத்தும்போது அடுக்கு இருமடங்காகும் என்ற இந்த வழி நம் நாட்டில் மிகப் பழையது. குறிலும் நெடிலுமாக இத்தனை அசை கொண்ட அடிகள் எத்தனை வகைப்படும் என்பதைக் கணக்கிட, பாதியாக்குவதும் வர்க்கப்படுத்துவதும் கொண்ட இதே வழியைப் பிங்கலரின் சந்த நூற்பாக்கள் கூறுகின்றன. கடைசிப் பெருக்கல் மட்டும் பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்குவது. ஒரு முழுத்தாளும் பொறுமையும் இருந்தால் பள்ளி மாணவர் ஒருவரே செய்துவிடலாம். எல்லாரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிவதைப் பார்த்தவுடனேயே அது தெரிந்துவிடும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வருவதால் 3-ஆலும் வகுபடும், ஆனால் 9-ஆல் வகுபடாது. 2⁶⁴−1 போன்ற ஓர் எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் முதலில் அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். 64 அப்படி அன்று.

இதன் பகாக் காரணிகள் யாவை?

ஏழு காரணிகள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. இந்த ஏழையும் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். எதுவும் இருமுறை வருவதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் சேர்த்தோ விட்டோ பெருக்கினால் கிடைக்கும் வகுத்திகள் 2⁷, அதாவது 128. சதுரங்கக் கட்டங்களின் எண்ணிக்கையைப் போல் சரியாக இருமடங்கு.

இருபது இலக்க எண் ஒன்றை இவ்வளவு எளிதாக எப்படி உடைக்க முடிந்தது?

இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டலும் கழித்தலுமாக இரண்டாக உடைக்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததே போதும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴−1 என்பது 2³²−1, 2³²+1 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். இவற்றுள் முதலாவதை அதே வழியில் மீண்டும் உடைக்கலாம்: 2¹⁶−1, 2¹⁶+1. அப்படியே இறங்கிக்கொண்டே போனால் எஞ்சுவன 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்கள். ஒவ்வொன்றும் 2-ஐத் தொடர்ந்து வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டினால் வருவது. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். சதுரங்கப் பலகையின் எண் என்பது முதல் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலனேயன்றி வேறில்லை.

இவ்வாறு வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று பியேர் ஃபெர்மா 1640 வாக்கில் தம் கடிதங்களில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதான 4294967297-இல்தான் அவர் சறுக்கினார்.

அந்த ஆறாவது எண் பகா எண் அன்று என்பதை யார், எப்படிக் கண்டார்கள்?

1732-இல், 25 வயதே ஆன லியோனார்டு ஆய்லர், அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4294967297 வரும்.

கண்ணில் பட்ட எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்து அவர் இதை அடைந்திருக்கத் தேவையில்லை. 2³²+1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது ஆய்லர் பின்னர் நிறுவிய விதி. அப்படிப்பட்ட எண்களை வரிசையாக எழுதினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகா எண்கள் அல்ல, விட்டுவிடலாம். எஞ்சியவை 193, 257, 449, 577, 641. ஆக, ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கைக்கு வந்துவிடுகிறது. இந்த விதிக்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவினுடையதே. தம் கையில் இருந்த கருவியைக் கொண்டே தம் ஊகத்தைச் சோதித்திருக்க முடிந்தவர் அதைச் செய்யாமல் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வகுத்துப் பார்க்காமலேயே 641 வகுக்கும் என்று காட்ட முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640+1, அதாவது 5×2⁷+1. மற்றொன்று, 625+16, அதாவது 5⁴+2⁴.

இனி 641-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிகளை மட்டும் கவனிப்போம். முதல் வடிவத்தின்படி 5×2⁷ என்பது −1-க்குச் சமமான மீதியைத் தரும். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ என்பதன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம். வைத்தால் −2³² என்பதன் மீதி 1 என்று ஆகிறது. அதாவது 2³²+1-இன் மீதி 0. நான்கே வரிகளில், பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல், பத்து இலக்க எண் ஒன்று உடைந்துவிடுகிறது.

ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருக்க முடியாதா?

முடியாது. முதல் ஐந்து ஃபெர்மா எண்களைப் பெருக்கினால் 4294967295 வரும். அது ஆறாவது எண்ணைவிடச் சரியாக 2 குறைவு. ஆகவே ஆறாவதையும் முந்தையவற்றுள் ஒன்றையும் சேர்த்து வகுக்கும் எண் 2-ஐயும் வகுக்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் ஒற்றைப்படை எண்கள். இது எந்த இடத்தில் நிறுத்தினாலும் பொருந்தும். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்பு வராத புதிய பகாக் காரணியைக் கொண்டுவருவதால், பகா எண்கள் முடிவிலாதவை என்பதும் இதிலிருந்தே நிறுவப்படுகிறது. கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிறுவல் இருக்கிறது.

வடிவியலோடு இதற்கு என்ன தொடர்பு?

பாதிப் பலகையின் எண்ணான 4294967295-க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கவராயமும் அளவு குறிக்கப்படாத அளவுகோலும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று 1796-இல், 19 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, காஸ் கண்டறிந்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணம் ஒன்றை அவ்வாறு வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். அது போதும் என்பதைக் காஸும், அது இன்றியமையாதது என்பதை 1837-இல் வான்ட்செலும் நிறுவினார்கள். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. ஐந்தையும் பெருக்கினால் வருவதுதான் 4294967295. நாம் அறிந்தவரை, இவ்வாறு வரையத்தக்க ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களுள் மிகப் பெரியது அதுவே. முழுப் பலகையின் எண்ணிலோ 641-உம் 6700417-உம் நுழைந்துவிடுவதால் அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய இயலாது.

பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் வருகிறதா?

வருகிறது. 10-ஆம் நூற்றாண்டில் பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் மேரு என்று அழைத்த அதே முக்கோணம்தான்: ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. அதில் உள்ள ஒற்றைப்படை எண்களுக்குப் பதிலாக 1 என்றும் இரட்டைப்படை எண்களுக்குப் பதிலாக 0 என்றும் எழுதி, ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகும். இவை அனைத்தும் ஃபெர்மா எண்களைச் சேர்த்தும் விட்டும் பெருக்கியவை. 64-ஆவது வரியில் உள்ள 64 எண்களும் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அங்கே 64 ஒன்றுகள் நிற்கும். அதைப் படித்தால் நம் எண். முதல் 64 வரிகளில் வரும் 64 எண்களும் நம் எண்ணை மீதியின்றி வகுக்கும்.

ஹனாய் கோபுரத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

எடுவார்டு லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883-இல் அந்தப் புதிரை எட்டு வட்டுகளோடு வெளியிட்டார். மூன்று தூண்களில் ஒன்றில் அடுக்கிய வட்டுகளை, ஒரு முறைக்கு ஒன்றாக, பெரியது சிறியதன் மேல் அமராதபடி இன்னொரு தூணுக்கு மாற்ற வேண்டும். காசியில் ஒரு கோயிலில் பூசாரிகள் 64 பொன் வட்டுகளை ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்ற கற்பனைக் கதையும் அதனோடு பரவியது. எட்டு வட்டுகளுக்கு 255 நகர்த்தல்கள், 64 வட்டுகளுக்கு நம் எண் அளவு நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் ஏறத்தாழ 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போல் 42 மடங்கு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்ற புராணக் கணக்கின்படி 135 பகல்கள்.

இரண்டும் ஒரே எண்ணில் முடிவது தற்செயல் அன்று. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள பெரிய வட்டு ஒரே ஒருமுறை நகர்கிறது. அதற்கு மேலுள்ளது இருமுறை, அடுத்தது நான்கு முறை. உச்சியில் உள்ள மிகச் சிறிய வட்டு, ஒன்று விட்டு ஒரு நகர்த்தலில் இடம் மாறி 2⁶³ முறை நகர்கிறது. ஒவ்வொரு வட்டையும் ஒரு கட்டமாகக் கொண்டால், அது நகரும் எண்ணிக்கையே அந்தக் கட்டத்தின் அரிசி.

கணினியில் இந்த எண் ஏன் அடிக்கடி தென்படுகிறது?

64 பிட் நினைவிடம் ஒன்றில், குறியில்லா முழு எண்ணாகச் சேமிக்கத்தக்க மிகப் பெரிய எண் இதுவே. எல்லா பிட்களும் 1. இதனோடு ஒன்றைக் கூட்டினால் இடம் போதாமல் 0 ஆகிவிடும். அதனால்தான் அதே 64 ஒன்றுகளை, குறியுள்ள எண்ணாகப் படிக்கும் கணினி −1 என்று சொல்லும். நிரலர்கள் எதிர்பாராத இடத்தில் இந்த எண்ணைக் கண்டால், பெரும்பாலும் எங்கோ 0-இலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். பலகையின் ஒரு வரிசையை ஒரு பைட்டாகவும் முழுப் பலகையை எட்டு பைட்டுகளாகவும் பார்க்கலாம்.

என் கணினியில் 2⁶⁴−1 என்று கேட்டால் தவறான விடை வருகிறதே?

உலாவியின் கன்சோலில் இதைக் கேட்டால் 18446744073709552000 என்று வரும். விரிதாளில் 15 இலக்கங்களுக்குப் பின் பூச்சியங்களே நிற்கும். இரண்டும் எண்களைத் தசமப்புள்ளி மிதக்கும் முறையில், 53 பிட் துல்லியத்தோடு சேமிப்பவை. நம் எண்ணுக்கு 64 பிட்கள் தேவைப்படுவதால், அது பக்கத்தில் உள்ள 2⁶⁴-ஆகவே மாறிவிடுகிறது. கடைசியில் கழித்த ஒன்று காணாமல் போய்விடும். பைத்தான் மொழி முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளும், அதில் கேட்டால் இருபது இலக்கமும் சரியாக வரும்.

இது வர்க்க எண்ணாகவோ முக்கோண எண்ணாகவோ இருக்குமா?

இரண்டும் இல்லை. எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 என்பவற்றுள் ஒன்றுதான். நம் எண்ணின் மீதி 7. மூன்று வர்க்கங்களைக் கூட்டினாலும் மீதி 7 வராது. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-இல் லக்ராஞ்சி நிறுவினார். இந்த எண்ணுக்கு அந்த நான்கும் தேவை.

முக்கோண எண் (1, 1+2, 1+2+3 எனக் கூட்டிக்கொண்டே போனால் வருவது) பற்றிய விடை இராமானுசனிடம் கொண்டுபோய் விடுகிறது. 2-இன் அடுக்கில் 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் கிடைப்பது அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது மட்டும்தானா என்ற வினாவை அவர் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுப்பினார். ஆம் என்று 1948-இல் நாகெல் நிறுவினார். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுள் 0, 1, 3, 15, 4095 ஆகியவை மட்டுமே முக்கோண எண்கள் என்பது இதற்குச் சமமான கூற்று.

வேறு விந்தைகள் உண்டா?

2-ஐ மட்டுமே பெருக்கிப் பெருக்கி வந்த இந்த எண்ணில் 2 என்ற இலக்கம் எங்குமே இல்லை. மற்ற ஒன்பது இலக்கங்களும் இருக்கின்றன. இதற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் கவனித்த நாளிலிருந்து எனக்கு மறக்கவில்லை.

இதன் அண்டை எண்கள் எப்படிப்பட்டவை?

இதற்குக் கீழே மிக அருகில் உள்ள பகா எண் 18446744073709551557, மேலே உள்ளது 18446744073709551629. இரண்டுக்கும் இடையே 72 எண் இடைவெளி.

இரண்டு தள்ளி இருக்கும் 18446744073709551617 ஏழாவது ஃபெர்மா எண். நம் எண்ணை அதனால் பெருக்கினால், 128 கட்டங்கள் கொண்ட பலகையின் மொத்தம் கிடைக்கும். அதுவும் பகா எண் அன்று. 1880-இல், தம் 82-ஆவது வயதில், லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கையால் கணக்கிட்டு உடைத்தார்: 274177 × 67280421310721.